எல்லோரிடமும் இருக்கிற வண்டி

வாசல் கம்பிக்கதவைத் தள்ளிக்கொண்டு போலீஸ் மைதானத்துக்குள் காலை வைத்ததுமே தமயந்தியின் கண்ணில் அவள் வண்டி பட்டுவிட்டது. அதற்குப் பக்கத்திலும் அவள் வண்டியே நின்றது. அடுத்ததும் அவள் வண்டிதான். அதன் பின்னால் இருந்த வரிசையிலும், அதற்கும் பின்னால் புளியமரம் வரைக்கும் போன வரிசைகளிலும், தூறலில் நனைந்து, மூக்கை ஒரே திசையில் நீட்டிக்கொண்டு, கிடை போட்ட ஆடுகள் மாதிரி அவள் வண்டிகளே நின்றன. அதே சின்ன வெள்ளை வண்டி, அதே குட்டி முன்விளக்கு, மழைத்தண்ணீரை நெற்றியில் வழியவிட்டுக்கொண்டு அதே அப்பாவி முகம். ஊருக்குள் இத்தனை இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெருவுக்கு ஒன்று நிற்பதைத் தினமும் பார்க்கிறவள்தான். ஆனால் தெருவில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது வேறு, திருட்டுப் போனவை மட்டும் ஓரிடத்தில் கூடி நின்று நம்மைத் திரும்பிப் பார்ப்பது வேறு. பெரிய கோவில் பிரகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரைப் பார்க்கையில் சின்ன வயசில் வருமே, யார் யார் என்று தெரியாமலே எல்லோரையும் கும்பிட்டுவிட வேண்டும் என்று ஒரு பதற்றம், அது வந்தது. சீ, திருட்டு வண்டியைப் போய் யாராவது கும்பிடுவார்களா. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். காலையில் இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருக்கையில்தான் போன் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பெருமாள்சாமி. "மேடம், ஒரு வண்டியில ரெண்டு பிரேக்கு, ரெண்டு கிளச்சு இருக்கு. டிரைவிங் ஸ்கூல் வண்டி. உங்களுதுதானே?" என்றார். அவள் ஆமாம் என்பதற்குள், "மலையில இருந்து ஓட்டி எறக்குனது ஒரு பொம்பள, தெரியுமா?" என்றார். வண்டி கிடைத்த சந்தோஷம் எங்கோ ஓர் ஓரத்தில் உட்கார இடம் தேடிக்கொண்டிருக்க, நடுக்கூடத்தில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள் அந்தப் பெண். யார் அவள்?

"நடுவுல போகாதீங்க, சகதி. வரிசைய ஒட்டியே வாங்க மேடம். கடைசியில, புளியமரத்துக்கிட்ட நிக்குது உங்க வண்டி" என்று பெருமாள்சாமி குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். சிரித்தால் கண் காணாமல் போகும் முகம். போலீஸ்காரருக்கு இப்படி முகம் இருந்தால் திருடன் எப்படிப் பயப்படுவான் என்று நினைத்தாள், உடனே, திருடன் இல்லை, திருடி, என்று திருத்திக்கொண்டாள், திருத்தியதும் மறுபடி அங்கேயே வந்து நின்றாள். மூன்று மாதமாக இப்படித்தான். எதை நினைத்தாலும் அது ஒரு சுற்றுச் சுற்றி அந்தக் கல்யாண மண்டபத்து வாசலுக்கே வந்து நிற்கும். அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண் ஒருத்திக்குக் கல்யாணம், பட்டப்பகல், பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், கை கழுவி வெளியே வந்தால் வண்டி நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அத்தனை சாவகாசமாகப் படுத்திருந்தது அது, அங்கே வண்டி என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை என்பதுபோல. ஏன் அந்த இரண்டாம் பாயசம்? அதைக் கேட்காமல் இருந்திருந்தால்? வீட்டில் ராமசுப்பு, கட்டிய மனுஷன், நல்லவர்தான், "இன்சூரன்ஸ் குடுப்பான், வாங்கி வெச்சுக்கிட்டு உக்காரு, ஐம்பத்திரண்டு வயசுல இன்னும் எவளுக்கு ஸ்டியரிங் பிடிச்சுக் குடுக்கணும்?" என்றார். அவளும் சரி என்று உட்கார்ந்துதான் பார்த்தாள். கால் உட்காரவில்லை. டிவியில் யாராவது பைக்கில் வேகமாகப் போனால் அவள் வலது கால் தரையை மிதித்தது. பஸ்ஸில் போனால் டிரைவருக்கு முன்னால் அவள் பிரேக் போட்டாள், முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். ஒருதரம் மதுரைக்குப் போகிற வழியில், ஆண்டிபட்டியில், பேக்கரி வாசலில் தன் வண்டியைக் கண்டு, அதேதான், பின்கதவில் அதே சொட்டை, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி விழுந்தடித்து இறங்கி ஓடினாள். உள்ளே ஒரு வயசாளி வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்னம்மா, வண்டி வழிய மறைக்குதா?" என்று கேட்டார். அவர் வண்டி. அவர் சொட்டை. அந்தச் சொட்டைகூட அவளுக்கே அவளுக்கு என்று இல்லை.

"ஏன் சார், எல்லாமே இதே வண்டியா இருக்கு?" என்று கேட்டாள். கேட்டபிறகுதான் அத்தனை வரிசைகளுக்கு நடுவில் தன் குரல் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

"எல்லாரும் கேக்குறதுதான்" என்றார் பெருமாள்சாமி. "பெரிய வண்டிய எடுத்தா ரெண்டு ஊரு தாண்டுறதுக்குள்ள கண்ணு பட்டுடும் மேடம். டீக்கடையில நிக்கிறவன்கூட, டேய் எவன்டா இதுல போறான்னு திரும்பிப் பாப்பான். இது காக்கா மாதிரி. காக்கா பறந்தா யாரு அண்ணாந்து பாக்குறா? அதுவும் இந்தப் பழைய மாடல்ல சாவி சும்மா சாவிதான். புது வண்டியில சாவிக்குள்ள ஏதோ சில்லு இருக்கு, அது இல்லாம எஞ்சின் எந்திரிக்காது. இதுக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

"ஆனா இதுல என்ன வந்துடப் போவுது? பழைய வண்டி."

"முழுசா விக்கிறதுக்கா எடுக்குறான்? பிரிச்சு விக்கிறதுக்கு. ஊரு பூரா இதே வண்டி ஓடுதா, ஊரு பூரா இதுக்குத்தான் கதவு ஒடையுது, இதுக்குத்தான் லைட்டு ஒடையுது. எது நிறைய ஓடுதோ அதுதான் நிறையத் திருடு போகும் மேடம். யாருக்கும் வேண்டாத வண்டிய ரோட்டுல சாவியோட விட்டுட்டுப் போங்க, கெடக்கும்."

எது நிறைய ஓடுதோ அது. தமயந்தி அதை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். நடந்துகொண்டே சொன்னாள். இடதுபக்கம் வண்டிகள், வலதுபக்கம் சகதி, தலைக்கு மேல் பாதிக் குடை. ஒரு வண்டிக்குப் பானட் இல்லை, உள்ளே எஞ்சின் இருந்த இடம் பல் பிடுங்கிய ஈறு மாதிரி வெறுமனே இருந்தது. இன்னொன்றுக்கு நான்கு கதவுமே இல்லை. அந்த நான்கு கதவும் இப்போது எங்கே? எங்கோ நான்கு வாசல்களில், நான்கு குடும்பங்கள் ஏறி இறங்கி, அடித்துச் சாத்தி, மெதுவா சாத்துடா என்று பிள்ளையைத் திட்டி. போன வருஷம் அவள் வண்டியின் பக்கக் கண்ணாடியை ஒரு மாட்டுவண்டி உரசிக்கொண்டு போனது. மெக்கானிக் மறுநாளே ஒன்று கொண்டுவந்து மாட்டினார், "பழசுதான்க்கா, ஆனா கம்பெனி அயிட்டம். நம்ம வண்டிக்கு எங்க தட்டுனாலும் கிடைக்கும்" என்றார். எங்கே தட்டினாலும் கிடைக்கும் என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது, இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கிற பெருமை. எங்கே தட்டினார் அவர்? யார் வீட்டு வண்டியின் கண்ணாடி அது? ஒரு வருஷமாக அதில்தான் பின்னால் வருகிற லாரியைப் பார்த்தாள், கல்லூரிப் பெண்களுக்கு, பார், பார், கண்ணாடியைப் பார்க்காமல் ஒடிக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னாள். யாரோ ஒருத்தி ஏதோ ஒரு மண்டப வாசலில் நாயைப் பார்த்துக்கொண்டு நின்ற துக்கத்துக்குள்தான் அவள் பின்னால் வருகிறதையெல்லாம் பார்த்திருக்கிறாள். உடம்பு ஒருதரம் சிலிர்த்தது. பயமா, வேறெதாவதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை ஆயிரம் வண்டியும் உண்மையில் ஒரே வண்டிதானோ. ஒரு கதவு இங்கே திறக்கிறது, ஒரு விளக்கு கோயம்புத்தூரில் எரிகிறது, ஒரு சக்கரம் ராமநாதபுரத்து வெயிலில் உருள்கிறது, உடம்பு மட்டும் மாநிலம் முழுக்கப் படுத்துக்கிடக்கிறது. மழை வலுத்தது. அத்தனை கூரைகளின் மேலும் ஒரே நேரத்தில் விழுந்த அந்தச் சத்தம், ஒரே வண்டியின் மேல் விழுகிற சத்தம்தான்.

உள்ளே பார்த்தால்தான் வேறு வேறாக இருந்தன. அதுதான் ஆச்சரியம். வெளியே அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக நிற்கிறதுகள், கண்ணாடியில் கையைக் குடைபிடித்து எட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வீடு. ஒன்றில் வேளாங்கண்ணி மாதா, மாதாவின் காலடியில் இரண்டு மிட்டாய்த் தாள். ஒன்றில் காய்ந்து சருகான மல்லிகைச் சரம் கியர் கம்பியில் சுற்றியிருந்தது, யார் அதைச் சுற்றினார்களோ, கொண்டையில் இருந்து எடுத்து அவசரமாகச் சுற்றியது. ஒன்றின் பின்சீட்டு முழுக்கச் சிமெண்டுத் தூள். ஒன்றில் குழந்தை ஒட்டிய மீன் படம், மீனுக்கு மூன்று கண். இதையெல்லாம் திருடியவன் பார்த்திருப்பானா? பார்த்திருப்பாளா? மறுபடி அந்தப் பெண். தன்னிடம் படித்தவளாக இருந்துவிட்டால்? பத்தொன்பது வருஷம், எத்தனை பெண்கள், பாதி முகம் மறந்துபோயிற்று, கால்கள்தான் ஞாபகம் இருக்கின்றன. கிளச்சில் நடுங்கிய கால், கொலுசைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த கால், வெடித்த பாதம், மருதாணிப் பாதம். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாலே அழுத வாத்தியாரம்மா, அவளா? மாமியாருக்குத் தெரியாமல் காய்கறிப் பையோடு வந்து கற்றுக்கொண்டு காய்கறி வாங்க மறந்து போகிறவள், அவளா? புறவழிச்சாலையில் முதல்முறையாக நான்காவது கியர் விழுந்ததும் ஒன்றும் பேசாமல் வாயைப் பொத்திக்கொண்ட அந்த நர்ஸ்? யாராக இருந்தாலும் நெஞ்சு தாங்காது. ஆனால் உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது, அதை அவள் நேருக்கு நேர் பார்க்க மறுத்தாள், அது பின்கண்ணாடியில் தெரிகிற வண்டி மாதிரி தள்ளியே வந்துகொண்டிருந்தது. தன்னிடம் படித்தவளாக இருந்தால், அவ்வளவு பெரிய மலையை அவள் ஏறி இறங்கியிருக்கிறாளே.

"எப்படிப் பிடிச்சீங்க சார்?"

பெருமாள்சாமி நின்றேவிட்டார். இதைச் சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் காத்திருந்தவர் போலக் குடையை மறு கைக்கு மாற்றினார். "அதச் சொன்னா சிரிப்பீங்க. உங்க வண்டிய மலைமேல ஒரு பாழடைஞ்ச ஏலக்காய் ஸ்டோர்ல தார்ப்பாயப் போட்டு மூடி வெச்சிருந்திருக்கானுங்க. தேடுறது அடங்குனதும் கீழ எறக்கிப் பிரிக்கலாம்னு. பூட்ட ஒடைக்கிறது, நம்பர மாத்துறது எல்லாம் ஆம்பளைங்க. ஓட்டுறது மட்டும் இந்தப் பொம்பள. காலையில தலைக்குக் குளிச்சுப் பூ வெச்சு, பின்சீட்டுல பள்ளிக்கூடப் பை ஒண்ணு. யாரு நிப்பாட்டுவா? நாலஞ்சு செக்போஸ்டு, ஒருத்தனும் கையக் காட்டல. எங்க ஏட்டு ஒருத்தர் ஜீப்புல மேல ஏறிட்டிருந்தார். குறுகலான வளைவு. எதுத்தாப்புல எறங்குன வண்டி ஓரங்கட்டி நின்னு, லைட்டப் போட்டு, நீங்க போங்கன்னு வழி விட்டுருக்கு. ஏட்டுக்கு ஆச்சரியம். இந்த மலையில இத்தன வருசமா ஏறி எறங்குறேன், எறங்குற வண்டி எனக்காக நின்னதே கெடையாதுன்னு, நன்றி சொல்லலாம்னு எறங்கிப் போயிருக்கார். எட்டிப் பாத்தா ரெண்டு பிரேக்கு. டிரைவிங் ஸ்கூலாம்மா, எங்க வீட்டுக்காரிக்கும் கத்துக் குடுக்கணும், உங்க நம்பரச் சொல்லுங்கன்னு கேட்டுருக்கார்."

"அப்புறம்?"

"நம்பரத்தான் அவளால சொல்ல முடியல."

அவர் சிரித்தார், கண் காணாமல் போயிற்று. தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள், வாயால் சொல்லியிருக்கிறாள், பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள். எல்லோரும் ஒப்பித்தார்கள், லைசென்ஸ் வாங்கினார்கள், மலையில் போய் ஒருத்தரும் நிற்கவில்லை. அவளே எத்தனை தரம் நின்றிருக்கிறாள்? இறங்கும்போது வண்டிக்கு ஒரு திமிர் வரும், கீழே இழுக்கிற பூமி நம் பக்கம் இருக்கிற திமிர், அதில் எதிரே மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருப்பவன் கண்ணில் படவே மாட்டான். இவளுக்குப் பட்டிருக்கிறது. திருட்டு வண்டியில், பொய் நம்பரில், மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவளுக்கு. நிற்காமல் வந்திருந்தால் இந்நேரம் வண்டி பல்லு பல்லாகப் பிடுங்கப்பட்டிருக்கும், அவள் வீட்டில் இருந்திருப்பாள், தமயந்தி இட்லி அவித்துக்கொண்டிருப்பாள். ஒரு வளைவில் ஓரங்கட்டியதில், ஏட்டோடு சேர்த்து மூன்று பேருடைய நாள் திரும்பிப்போயிருக்கிறது. மலை எத்தனை பெரிசு, அந்த வளைவு எத்தனை சின்னது.

புளியமரத்தடியில் வண்டி நின்றது. இந்த முறை கண் ஏமாற்றவில்லை. வேறு நம்பர், கூரையில் போர்டைக் கழற்றிய இடத்தில் இரண்டு துரு வட்டம், ஆனால் அது நின்ற நிலையிலேயே, வலதுபக்கம் கொஞ்சம் அசந்து நிற்கும் அந்தத் தோரணையிலேயே தெரிந்துவிட்டது, கூட்டத்தில் பிள்ளையின் முதுகு தெரிகிற மாதிரி. கையை வைத்தாள். ஈரம், குளிர்ச்சி. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை, ஏனென்றால் வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் காவலர் நின்றிருந்தார், அவருக்குப் பக்கத்தில், நனைந்த சேலையைத் தோளில் இழுத்துப் போர்த்தியபடி அவள். முப்பது வயசு இருக்கும். குச்சி மாதிரி உடம்பு. தமயந்தி முதலில் காலைத்தான் பார்த்தாள். பார்த்ததில்லை. இந்தக் கால் அவளிடம் வந்ததில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது, இறங்கிய இடத்தில், வெட்கக்கேடு, ஒரு சின்ன ஏமாற்றம் போய் உட்கார்ந்தது.

"இவதான் மேடம், பஞ்சவர்ணம். எந்த எந்த வண்டிய எங்கருந்து எடுத்தாங்கன்னு காட்டுறதுக்குக் கூட்டிட்டு வந்தோம். சாயங்காலம் ஜெயிலுக்குப் போயிடுவா" என்றார் பெருமாள்சாமி. "திட்டணும்னா திட்டிக்கங்க."

திட்டுவதற்கு மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்தாள். குளிக்கும்போது, துணி காயப்போடும்போது, வார்த்தை வார்த்தையாக. உன் கை விளங்குமா, பொழைப்பைப் பிடுங்கிட்டுப் போனியே, உனக்கும் ஒரு பொழைப்பு இல்லாமப் போகணும். எல்லாம் நாக்கு நுனிவரை வந்து வரிசையில் நின்றன. வாயைத் திறந்ததும் வெளியே வந்தது வேறு.

"எந்த கியர்ல எறக்குன?"

பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்தினாள். பெண் காவலர் ஜெசிந்தா, கேள்வி தனக்கா என்று பார்த்தார்.

"ரெண்டாவதுலக்கா. ரெண்டு மூணு வளைவுல ஒண்ணுல. பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடாயிடும்ல."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போவேன். காலையில ஏறுவோம், பொழுதடைய எறங்குவோம். பொம்பளைங்க எல்லாரும் பின்னால அடைஞ்சு கெடப்பாங்க, நான் எப்படியாச்சும் முண்டியடிச்சு முன்னால ஏறிருவேன். டிரைவர் காலையே பாத்துக்கிட்டுப் போவேன். ரொம்ப வருசம் பாத்தேன்க்கா. ராத்திரி படுத்தா என் காலு தானா மிதிக்கும்."

தமயந்தியின் வலது கால் சகதிக்குள் அசைந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. "அதுக்குத் திருட்டு வண்டிதான் கெடச்சுதா?" என்றாள், குரலில் கோபத்தைக் கொண்டுவந்து.

"வேற எவன் குடுப்பான்?" பஞ்சவர்ணம் அதைச் சண்டையாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்பதுபோல் கேட்டாள். "கொழுந்தன் வந்து, மதினி, ஓட்டத் தெரியும்னு சொல்லுவீயே, ஓட்டுறியான்னான். என்ன வண்டி, யாரு வண்டின்னு தெரியும்க்கா. தெரியலன்னு பொய் சொல்ல மாட்டேன். தெரிஞ்சேதான் சாவியக் கையில வாங்குனேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பின்சீட்டுல இருந்த பை மட்டும் என் மக பை. அது மட்டும் திருட்டு இல்ல. அத மட்டும் என் தங்கச்சி வீட்டுல குடுக்கச் சொல்லுங்க சார், பிள்ள ஸ்கூலுக்கு ஜவுளிக்கடைப் பையில பொஸ்தகம் கொண்டு போவுது."

"குடுப்போம், குடுப்போம்" என்றார் ஜெசிந்தா, மழையைப் பார்த்துக்கொண்டு.

"ஏறி வர்ற ஜீப்புக்கு எதுக்கு நின்ன?" தமயந்தி இதைக் கேட்காமல் போக முடியாது என்று அவளுக்கே தெரிந்தது.

"ஏறிட்டு இருக்கப்ப நின்னா மறுபடி எடுக்குறது எம்புட்டுக் கஷ்டம்? பின்னால உருளும், பிள்ளைங்கல்லாம் கத்தும். ஜீப்புல எத்தன நாளு உசுரக் கையில புடிச்சிருக்கேன். எறங்குறவ நானு, எனக்கென்ன, பிரேக்க விட்டா தானா போவும்." பிறகு பஞ்சவர்ணத்தின் குரல் இறங்கியது. "ஒங்க வண்டியிலதான்க்கா ரொம்பப் பயந்தேன். நான் இந்தப் பக்கம் பிரேக்க மிதிச்சா அந்தப் பக்கம் ஆளே இல்ல, அங்கயும் பிரேக்கு தானா எறங்குது. கிளச்ச மிதிச்சா அதுவும் எறங்குது. மொத வளைவுல அதப் பாத்துட்டுக் கத்திட்டேன். யாரோ பக்கத்துல உக்காந்து என் கூடவே மிதிக்கிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாம. அப்புறம் போகப் போக, அது இருக்குறது நல்லதாத் தெரிஞ்சுச்சு. ஒத்தையில வர்ற மாதிரி இல்ல."

தமயந்தி குனிந்து, ஜன்னல் வழியாக இடதுபக்கத்து மிதிகளைப் பார்த்தாள். நடுவில் ஓர் இரும்புத் தண்டு, அவ்வளவுதான், இந்தப் பக்கத்து மிதியையும் அந்தப் பக்கத்து மிதியையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு தண்டு, பட்டறையில் அவள் நிற்கவே பற்றவைத்தது. அவள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், மேகம் தரையில் உட்கார்ந்திருக்கும் அந்த உயரத்தில், அவள் உட்கார வேண்டிய சீட்டு காலியாக, அவள் கால் இருக்க வேண்டிய இடத்தில் பிரேக் தானாக இறங்கி எழுந்து இறங்கி, ஒரு திருடியைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. பத்தொன்பது வருஷம் தேனியில் போர்டு தொங்கியது, மகளிர் ஓட்டுநர் பயிற்சி என்று, எட்டு ஊருக்குத் தெரிகிற மஞ்சளில். விடிகாலையில் அதே ரோட்டில் ஜீப்புகள் தோட்டத்துப் பெண்களை அடைத்துக்கொண்டு மலைக்குப் போகும், அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே பார்ப்பாள், முன்சீட்டில் முண்டியடித்து ஏறி ஒருத்தி டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு போகிறாள் என்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் கண் எவ்வளவு பசியாக இருந்திருக்க வேண்டும். வெறும் பார்த்தே. தொடாமலே. எதிரே நிற்பவள் குற்றவாளிதான், அதில் சந்தேகமில்லை, வண்டி தன்னுடையதுதான், அதிலும் சந்தேகமில்லை, இரண்டுக்கும் நடுவில் அவள் மார்பில் பொங்கிக்கொண்டு வந்ததற்குத்தான் எந்தச் சட்டத்திலும் பெயர் இருக்காது. மலையைக் கிட்டத்தில் போய் அண்ணாந்து பார்க்கிறபோது வாய் தானாகத் திறந்துகொள்ளுமே, அப்படி இருந்தது.

"கோர்ட்டுல மனுப் போட்டீங்கன்னா ரெண்டு வாரத்துல வண்டி வீட்டுக்கு வந்துடும் மேடம்" என்றார் பெருமாள்சாமி. "இப்ப ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி நகத்திக் காட்டுங்க. ஓடுற நிலையில இருக்குன்னு வீடியோ எடுத்து வெக்கணும்."

சாவியைத் திருப்பினாள். க்ளிக் என்றது, அவ்வளவுதான். மறுபடி, க்ளிக். ஈரத்தில் பேட்டரி செத்துக் கிடந்தது. ஜெசிந்தா, "தள்ளுனாத்தான் சார்" என்றார். பெருமாள்சாமி குடையை மடக்கி மரத்தில் சாய்த்தார். யாரும் சொல்லாமலே பஞ்சவர்ணம் வண்டியின் பின்னால் போய்ச் சேலையை இடுப்பில் ஏற்றிச் செருகினாள். ஜெசிந்தா ஒருகணம் தயங்கி, செல்போனைக் கேமரா வெளியே தெரியும்படி சட்டைப் பைக்குள் செருகி வீடியோ ஓடவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் கையை வைத்தார். கதவைச் சாத்தப் போன தமயந்தி தலையை வெளியே நீட்டினாள்.

"சார், அந்த ஏட்டு வீட்டம்மாவ அடுத்த மாசம் வரச் சொல்லுங்க. காலையில வரணும், வெயிலுக்கு முந்தி."

"நீங்க இன்னும் சொல்லிக் குடுக்கிறீங்களா மேடம்? வீட்டுல சார் போன்ல, இனி அவ விட்டுடுவான்னு சொன்னாரே..."

"வரச் சொல்லுங்க" என்றாள்.

கிளச்சை மிதித்து இரண்டாவது கியரில் போட்டாள். பின்னால் மூன்று பேரும் முக்கினார்கள். வண்டி சகதியிலிருந்து பிடுங்கிக்கொண்டு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. மெல்ல உருண்டது. மழையில் கரைந்த முன்கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை வரிசைகள் அசைந்து அசைந்து பின்னால் போகத் தொடங்கின, கதவில்லாதது, கண்ணில்லாதது, மாதா இருந்தது, மீன் இருந்தது. வேகம் வந்துகொண்டிருந்தது. கிளச்சின் மேல் அவள் இடது கால் நடுங்கியது. இது என்ன கூத்து, முதல் நாள் வந்து உட்கார்ந்த பெண் மாதிரி. இப்போதா, இன்னும் கொஞ்சமா, முன்னாலேயே விட்டால் வண்டி உலுக்கிக்கொண்டு நின்றுவிடும், பின்னால் தள்ளுகிறவர்கள் மோதிக்கொள்வார்கள், தாமதித்தால் எதிரே மைதானத்துச் சுவர் வந்துவிடும், சுவர் வந்துகொண்டுதான் இருந்தது, மூன்று மாதத்தில் ஒரு கால் இத்தனையும் மறந்துவிடுமா, எத்தனை பேருக்குச் சொன்ன கால். பின்னாலிருந்து, மழையைக் கிழித்துக்கொண்டு, மூச்சு வாங்க, சந்தேகமே இல்லாத ஒரு குரல் வந்தது.

"இப்ப விடுங்கக்கா!"

தமயந்தி விட்டாள். வண்டி ஒருதரம் உலுக்கி, இருமி, உயிர் பிடித்தது.